சக்கரவர்த்தி விழாத சாயங்காலம்

1915-ஆம் வருஷம் ஜூலை மாதம் 17-ஆம் தேதி, சனிக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம். மேலப்பாளையம் மைதானத்துப் பயாஸ்கோப்புக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். உயிரோடு வெளியே வந்தவர்களும் இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் ஒருத்தி மூன்றாம் நாள் காலை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். அவள் உன் அம்மா ஞானப்பூ.

கிருபை, இதை நீ படிக்கும்போது உனக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்கும். இப்போது உனக்கு ஐந்து வயது எட்டு மாதம். எனக்கு இருபத்தேழு. மற்ற அப்பன்மார் தலை நரைத்த பிறகு பிள்ளைகளுக்கு இப்படி நீளமாக எழுதுவார்கள். எனக்கு நரைக்கும்வரை அவகாசம் இருக்குமா என்று தெரியாது. நாளைக் காலை ரயிலேறி, பம்பாய் போய், அங்கிருந்து கப்பலில் பஸ்ராவுக்குப் போகிறேன். அங்கே சண்டை நடக்கிறது. பட்டாளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின்களை ஓட்ட ஆள் எடுக்கிறார்கள். எழுதி முடித்ததும் இதை உறையில் போட்டு ஒட்டி நம் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டுப் போவது, உனக்குக் கல்யாணம் பேசும் வயது வந்ததும் அவர் உன் கையில் கொடுப்பது. ஏற்பாடு இதுதான். இன்று ஆகஸ்ட் 28, சனிக்கிழமை. மணி காலை எட்டரை.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால் உனக்குத் தெரியவேண்டிய விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா செத்தது, நீ 'நிப்பாட்டுங்கப்பா' என்று சொன்னதால் அல்ல. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்கிறது. உன் மாமி சொல்கிறாள், கோவில் வாசலில் சொல்கிறார்கள், மேலப்பாளையத்தில் தறிக்காரர்கள் சொல்கிறார்கள். நாளைக்கு உன்னைப் பெண் பார்க்க வருகிறவன் வீட்டிலும் சொல்வார்கள். அதை முதலில் ஊருக்குச் சொன்ன ஆள் யார் என்று எவரும் யோசிக்கவில்லை. சொன்னவன் நான். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் நாகப்பட்டினம் ரயில் பட்டறையில் நாலு வருஷம் ஃபிட்டர் வேலை படித்தவன். ஒரு மிஷினைக் கேட்டாலே எங்கே உரசுகிறது என்று சொல்லிவிடுவேன். மனுஷரிடம் எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எங்கள் கல்யாணத்தன்று, பாளையங்கோட்டைக் கோவிலில், ஆராதனை ஆரம்பிக்கப் பதினொரு நிமிஷம் தாமதம். பாதிரியார் வந்து நின்றதும் கடிகாரத்தைக் காட்டி, "ஐயா, பதினொரு நிமிஷம்" என்றேன். என் அப்பா எனக்குப் பின்னால் நின்று முதுகில் கிள்ளினார். முக்காட்டுக்குள் உன் அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. பெண்பிள்ளை கல்யாணத்தன்று அழவேண்டும் என்பார்கள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து எல்லோரும் அழுகிறாள் என்று நினைத்து மெச்சினார்கள். அவள் அப்படித்தான் இருந்தாள். எதற்குச் சிரிக்கக்கூடாதோ அதற்குச் சிரிப்பாள்; நான் முகத்தைத் தூக்கினால் இன்னும் சிரிப்பாள். "நீங்க மிஷினுக்குத்தான் மோதிரம் போட்டிருக்கணும், அது பேசாம இருக்கும்" என்பாள். நான் பதில் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

பட்டறை வேலையில் மேஸ்திரியோடு சண்டை போட்டு வெளியே வந்தேன். அவன் அளவு தப்பு, நான் சொன்னேன், அவன் மேஸ்திரி. அவ்வளவுதான் விஷயம். அப்போது தூத்துக்குடி தானிய வியாபாரி ஒருவர், எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், பயாஸ்கோப்பு மிஷின் ஒன்றையும் ஒரு பெட்டிப் படச் சுருள்களையும் பம்பாயிலிருந்து பழைய சாமான் விலைக்கு வாங்கி வந்திருந்தார். ஓட்ட ஆள் இல்லை. நான் போனேன். உன் அம்மா வீட்டில் அது பாவக் காரியம். உன் மாமா ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் வேத வசனம் மட்டுமே ஒன்பது இருந்தது. உன் அம்மா அதைப் படித்துவிட்டு, "அண்ணன் ஒரு தடவை வந்து பாத்தா தெரியும். பாவம் இவ்வளவு வேடிக்கையா இருந்தா எல்லாரும் முன்னாலயே செஞ்சிருப்பாங்கல்லா" என்றாள்.

அந்தப் பெட்டியில் பதினான்கு சுருள். ரயில் வருகிற படம், ராஜா ஊர்வலம், சீமையில் பனி கொட்டுகிற படம், இப்படி. ஒன்று மட்டும் வேறு ஜாதி. அது ஆள் நின்று நடித்த படம் அல்ல. எவனோ ஒருத்தன் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக வரைந்து, தாளை மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகப் படம் பிடித்தது. மொத்தம் மூவாயிரத்து இருநூறு படம். விநாடிக்குப் பதினாறு வீதம் சுற்றினால் மூன்று நிமிஷம் இருபது விநாடி ஓடும். எனக்குச் சிரிப்பு வராத ஆள் என்று பெயர். முதல் தடவை சுவரில் ஓட்டிப் பார்த்தபோது நானே சிரித்தேன். ஒருத்தன் மூவாயிரத்து இருநூறு தாளுக்கு முன் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறானே என்று மலைப்பாகவும் இருந்தது. நான் முந்நூறாவது தாளில் கிழித்துப் போட்டிருப்பேன்.

படத்தில் இரண்டு பேர். ஒருத்தர் கோணல் தொப்பியும் குட்டைக் காலுமாக, ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்தபடி நிற்கிற சக்கரவர்த்தி. பிரெஞ்சு தேசத்துக்காரர், பள்ளிக்கூடம் போன எவனுக்கும் பார்த்ததும் தெரியும். இன்னொன்று குரங்கு. சக்கரவர்த்தி பூகோளப் படத்தை விரித்து ஒரு தேசத்தைத் தொடுவார். குரங்கு அந்தத் தேசத்தைக் கிழித்துத் தின்னும். அடுத்த தேசத்தைத் தொடுவார், அதையும் தின்னும். கோபத்தில் கோட்டுக்குள் இருக்கிற கையை வெளியே இழுப்பார். கையில் குரங்கின் வால் வரும். வாலை இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருக்கும். அப்புறம் வெள்ளைக் குதிரைமேல் ஏறுவார். குரங்கு குதிரையின் காலில் ஒரு கோட்டைப் பிடித்து இழுக்கும். குதிரையே கோடுதானே. அது நூலாகப் பிரியும். குரங்கு அதை உருட்டி உருட்டிப் பந்தாகச் சுற்றும். கால் போகும், வயிறு போகும், தலை போகும். சக்கரவர்த்தி மட்டும் ஒன்றும் தெரியாமல், குதிரை இல்லாத இடத்தில், ஆகாயத்தில் உட்கார்ந்து ஜம்மென்று சவாரி போவார். பைய கீழே பார்ப்பார். பார்த்த பிறகுதான் விழுவார்.

மேலப்பாளையம் மைதானத்தில் கொட்டகை போட்டபோது அந்தப் படத்துக்கு வந்த கூட்டம் வேறு எதற்கும் வரவில்லை. எல்லோரும் தறிக்காரர்கள். குதிரை நூலாகப் பிரிகிற இடம் வந்ததும் தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். "ஏலே, ஒரு பாவுக்கு நூல் ஆச்சுலே!" என்பான் தறியில் பாவு நீட்டுகிற ஒருத்தன். "குதிர நூலுக்குச் சாயம் ஒட்டுமாலே?" என்பான் இன்னொருத்தன். தகரக் குழாயைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவன் சுடலைமுத்து. அவனுக்குச் சக்கரவர்த்தியைத் தெரியாது. "பாருங்க வே, கும்பினித் துரை வாரான்! நம்ம கோட்டையப் பிடிக்க வாரான்! கோட்டுக்குள்ள கைய விட்டு என்னத்தத் தேடுதான்? மூக்குப்பொடி டப்பியத் தேடுதான்!" என்று கத்துவான். எனக்குப் பொறுக்காது. ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, "அவர் கும்பினிக்காரன் இல்ல வே. கும்பினிக்காரன்தான் அவரைப் பிடிச்சுத் தீவுல அடைச்சான்" என்றேன். "மிஷின்காரரே, நீரு சுத்தும். பேச்சு நம்ம பாடு. துரைன்னாத்தான் குரங்கு பக்கம் நிப்பாங்க" என்று போய்விட்டான். உன் அம்மாவும் அவன் கட்சிதான்.

அந்தக் கொட்டகையில் சக்கரவர்த்தி கட்சி ஒரே ஒரு ஆள். நீ. ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் சேலைத் திரை கட்டியிருக்கும். அம்மா அந்தப் பக்கம் இருப்பாள். நீ அங்கே இருக்க மாட்டாய். பின்னால் ஓலைத் தடுப்புக்குள் என் மிஷின் பக்கத்தில், சுருள் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பாய். சக்கரவர்த்தி ஆகாயத்தில் சவாரி போகிற இடம் வரும்போது என் வேட்டியைப் பிடித்து இழுப்பாய். "அப்பா, நிப்பாட்டுங்க. அவரு கீழ விழுந்துருவாரு. பாவம்லா." இருபத்திரண்டு நாள் இதைச் சொன்னாய். இருபத்திரண்டு நாளும் நான் நிறுத்தவில்லை. சக்கரவர்த்தி விழுந்தார், கொட்டகை சிரித்தது, நீ முகத்தை மூடிக்கொண்டாய். இதை ஞாபகம் வைத்துக்கொள். நீ சொன்னதால் நான் நிறுத்துகிற ஆள் அல்ல.

இப்போது மிஷின் விஷயம். பொறுத்துப் படி. அந்தச் சுருள் பஞ்சையும் அமிலத்தையும் சேர்த்துச் செய்தது. ஓடிக்கொண்டிருக்கிறவரை ஒன்றும் ஆகாது. விளக்குக்கு முன்னால் நின்றால் பற்றிக்கொள்ளும். அதனால் விளக்குக்கும் சுருளுக்கும் நடுவில் ஒரு தகடு வைத்திருப்பார்கள். கைப்பிடியை வேகமாகச் சுற்றினால் தகடு தானாக மேலே எழும்பி வெளிச்சத்தை விடும். வேகம் குறைந்தால் தானாக விழுந்து வெளிச்சத்தை மறைக்கும். யோசித்துச் செய்தவன் மிஷினை மட்டும் யோசிக்கவில்லை, சுற்றுகிறவனையும் யோசித்திருக்கிறான். நான் என்ன செய்தேன் என்றால், சக்கரவர்த்தி கீழே பார்க்கிற இடத்தில் கைப்பிடியைக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். அவர் ஆகாயத்தில் இன்னும் கொஞ்ச நேரம் தங்கினார். கொட்டகை மூச்சைப் பிடித்தது. பிறகு வேகமாகச் சுற்றி விழவிட்டேன். சிரிப்பு இரண்டு மடங்கு வந்தது. எனக்கு அது பிடித்துப்போனது. என் கையால் இருநூறு பேரைச் சிரிக்க வைக்கிறேன் என்று ஒரு பெருமை. ஆனால் மெதுவாகச் சுற்றும்போதெல்லாம் தகடு பாதியில் விழுந்து படம் இருண்டுபோகும். எரிச்சலாக இருந்தது. ஒருநாள் பகலில் ஒரு செப்புக் கம்பியை எடுத்துத் தகட்டை மேலேயே நிற்கும்படி இறுக்கிக் கட்டினேன்.

உன் அம்மா அன்றைக்குச் சோறு கொண்டுவந்தாள். மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "இங்கன எதுக்குக் கம்பி போட்டுக் கெட்டி வச்சிருக்கிய?" என்று கேட்டாள். தகடு எதற்கென்று முன்பு நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவள் மறக்கவில்லை. "குறுக்க வந்து விழுது, அதான்" என்றேன். "குறுக்க விழத்தான அத வச்சிருக்கான்? கெட்டி வச்சா அது இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?" என்றாள். "உனக்கு இதெல்லாம் தெரியாது, சோத்த வச்சிட்டுப் போ" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து அவள் சிரிக்காமல் போனது அந்த ஒரு தடவைதான். நாலு வருஷம் தொழில் படித்த நான் சொன்னது தப்பு, ஒன்றும் படிக்காத அவள் சொன்னது சரி. கிருபை, உன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர் ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியைத் தூக்கி எறியாதே. எறிந்துவிட்டு நான் நிற்கிற இடம் இதுதான்.

அதுவரை எரிந்தது பழைய விளக்கு. சூடு குறைவு. கம்பி கட்டியும் பத்துப் பன்னிரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஜூலை இரண்டாவது வாரம் எண்ணெய் எஞ்சினும் மின்சார விளக்கும் வந்தன. நான்தான் அண்ணாச்சியை நச்சரித்து வாங்க வைத்தேன், நான்தான் பூட்டினேன். படம் பளிச்சென்று விழுந்தது. விளக்குக் கூண்டின்மேல் கை வைக்க முடியவில்லை. சூடு கூடினால் சுருள் எத்தனை விநாடி தாங்கும் என்று மறுபடி கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சோம்பேறித்தனம் அல்ல. எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

17-ஆம் தேதி சாயங்கால ஆட்டம். நூல் பிரிந்தது, தறிக்காரர்கள் எழுந்தார்கள், சக்கரவர்த்தி ஆகாயத்தில் சவாரி போனார். நீ வேட்டியை இழுத்தாய். "அப்பா, நிப்பாட்டுங்க." என் கை அதற்கு முன்பே மெதுவாகிவிட்டது. முந்தின நாளே நான் முடிவு செய்திருந்தேன், ஒரு மூச்சு நேரம் முழுக்க நிறுத்திப் பார்ப்பது என்று. நிறுத்தினேன். சக்கரவர்த்தி விழவில்லை. அசையாமல் ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தார். நீ கைதட்டினாய். அவர் வயிற்றில் ஒரு பழுப்புப் புள்ளி வந்தது. அது கொப்புளமாகி, ஓட்டையாகி, திரை முழுக்க வெள்ளை ஆனது. என் முகத்துக்கு முன்னால் சுருள் எரிந்தது. ஓலைத் தடுப்பு பற்ற அதிக நேரம் ஆகவில்லை.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ பெட்டிமேல் இருந்தாய். நான் உன்னைக் கீழே இறக்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். உன்னைத் தூக்கவில்லை. பெட்டிக்குள் பதிமூன்று சுருள். அது பற்றியிருந்தால் ஒருத்தரும் வெளியே வந்திருக்க முடியாது. இது நல்ல காரணம். போலீஸ் அதிகாரியே மெச்சினார். ஆனால் தூக்கும்போது அந்தக் காரணம் என் மனதில் இல்லை. என் சுருள், என் பெட்டி என்பதுதான் கையில் இருந்தது. வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினால், ஜனம் வாசலைப் பார்த்து ஓடி வருகிறது. உன் அம்மா ஒருத்தி மட்டும் கூட்டத்தை இடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம், தடுப்பைப் பார்த்து ஓடியிருக்கிறாள். உன்னை முந்தானைக்குள் சுருட்டி இடுப்போடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது முதுகுப்பக்கம் முழுக்க நெருப்பு. சுடலைமுத்துதான் அவள்மேல் மண்ணை அள்ளிப் போட்டான். உனக்கு ஒரு முடி கருகவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் அவளுக்கு நினைவு வந்தது. உன்னைக் கேட்டாள். நல்லா இருக்கு என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கம்பிய அவுத்துட்டியளா?" என்றாள். "ம்" என்றேன். உண்மையில் அவிழ்த்துவிட்டிருந்தேன். நெருப்பு அணைந்ததும், போலீஸ் வருவதற்கு முன், முதல் வேலையாக இடுக்கியால் வெட்டி மடியில் முடிந்துகொண்டேன். அவள் கேட்டது இன்னொருத்தருக்கு இப்படி ஆகக்கூடாதே என்று. நான் அவிழ்த்தது நான் மாட்டக்கூடாதே என்று. மறுநாள் விடிந்தபோது அவள் இல்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் போலீஸ் அதிகாரி கேட்டார். "ஏன் மிஷின் நின்னது?" அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எந்த மேஸ்திரி முகத்துக்கு நேராகவும் தப்பைத் தப்பு என்று சொன்ன வாய் இது. அந்த வாயால் சொன்னேன்: "பிள்ள நிப்பாட்டச் சொல்லிக் கத்திட்டு. பதறிக் கைய விட்டுட்டேன்." அவர் உன்னைப் பார்த்து 'ச்ச்' கொட்டினார். எழுதிக்கொண்டு போனார். அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, "சரியாச் சொன்னீரு வே. பச்சப்புள்ள மேல எவன் கேஸ் போடப் போறான்? அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே இருந்தது. ஆறு வாரமாக இருக்கிறது. வராந்தாவில் சொன்னது சாயங்காலத்துக்குள் மேலப்பாளையம் போய், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆழ்வார்குறிச்சி போய்விட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன். எனக்கு அதற்குமேல் நினைக்க இஷ்டமில்லை.

உன்னை மாமா வீட்டில் விட்டேன். மாமா பேசாத மனுஷர். மாமி கெட்டவள் அல்ல. தன் பிள்ளைகளுக்கு முன்னால் உனக்குச் சோறு போடுகிறாள். ஆனால் கிணற்றடியில் அடுத்த வீட்டுக்காரியிடம், "என்னத்தச் சொல்ல, பெத்தவள முழுங்கிட்டு வந்து நிக்கா. வாயத் தொறக்கவே மாட்டேங்கா. தொறந்தாத்தான் பயமா இருக்கு" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவளிடம் போய் உண்மையைச் சொல்லவில்லை. இருமினேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, பஸ்ரா போகிறேன் என்று சொல்வதற்காக வந்தேன். மாமாவின் பையன்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டி உன்னை உட்காரவைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, விளையாட்டுத்தான். ஊஞ்சல் உயர உயரப் போனது. உன் முகம் வெளுத்துப் போயிருந்தது. உதட்டைக் கடித்திருந்தாய். நான் வாசலிலிருந்து வருவதற்குள் கை நழுவிக் கீழே விழுந்தாய். மோவாய் கிழிந்து இரத்தம். பையன்கள் பயந்து, "நிப்பாட்டச் சொல்லவே இல்ல மாமா, சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்போம்" என்று அழுதார்கள். உன்னை மடியில் வைத்து மோவாயைத் துணியால் அழுத்தினேன். "ஏளா, நிப்பாட்டுங்கன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகத்தான். ஐந்து வாரமாக யாரோடும் பேசாத நீ பேசினாய்.

"சொன்னா யாராச்சும் செத்துருவாங்கல்லா."

அழுகை இல்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்வதுபோலச் சொன்னாய். எனக்குச் சொல்ல ஒரே வாக்கியம்தான் இருந்தது. 'கம்பி கட்டினது அப்பா.' அவ்வளவுதான், மூன்று வார்த்தை. மாமா நின்றார், மாமி நின்றாள், பையன்கள் நின்றார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து, "ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன். போய்விட்டேன்.

கல்யாணம் பேசும்போது உனக்கு என்ன புத்தி சொல்லலாம் என்று நேற்று முழுக்க யோசித்து வைத்திருந்தேன். சம்பளத்தைப் பார்க்காதே, குடிக்கிறவன் வேண்டாம், சத்தம்போட்டுப் பேசுகிறவன் எல்லாம் உண்மை பேசுகிறவன் என்று நம்பாதே, உன் அப்பனே சாட்சி. இதையெல்லாம் எழுத நினைத்தேன். இப்போது பார்த்தால் ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஒருத்தன் உனக்கு ஏற்றவனா என்று தெரியவேண்டுமானால் அவனிடம் ஒரு தடவை 'நிறுத்துங்க' என்று சொல்லிப் பார். நிறுத்துகிறவனைக் கட்டிக்கொள். ஆனால் இந்தப் புத்தியை நான் யாருக்குச் சொல்கிறேன்? அந்த வார்த்தையைச் சொல்லவே வாய் வராத ஒரு பெண்ணுக்கு.

இங்கே எழுதுவதை நிறுத்தி ஒரு கணக்குப் போட்டேன். பதினெட்டிலிருந்து ஐந்து வருஷம் எட்டு மாதத்தைக் கழித்தால் பன்னிரண்டு வருஷம் நாலு மாதம். அத்தனை காலமும் உண்மை பாதிரியார் அலமாரியில் இருக்கும், பொய் உன்னிடம் இருக்கும். நீ கொதிக்கிற பானை கையில் பட்டாலும் கத்த மாட்டாய். பள்ளிக்கூடத்தில் எவளாவது முடியைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருப்பாய். பிறகு ஒருநாள், எல்லாம் முடிந்த பிறகு, ஒரு உறையைப் பிரித்து, ஓ, நான் இல்லையா என்று தெரிந்துகொள்வாய். நான் அதற்குள் பஸ்ராவில் மண்ணுக்குள் இருந்தால் இன்னும் வசதி. என்னை யாரும் கேட்க முடியாது. இதைத்தான் நான் தியாகம் மாதிரி நினைத்துக்கொண்டு காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டாளத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போவதும் இதேதான். ஓடுகிறேன். வேறு பெயர் வைத்து எழுதினாலும் அளவு அதுதான்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தகட்டைக் கட்டியது, கம்பியை மறைத்தது, அதிகாரியிடம் பொய் சொன்னது. ஜெயில் உண்டு. எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. அதன்பின் எவனும் என்னை மிஷின் பக்கம் விடமாட்டான். உன் மாமா வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் போகலாம். நீயே என்னை வெறுக்கலாம். ஐந்து வயதில் வெறுத்தால் நிறைய நாள் வெறுக்க வேண்டியிருக்கும். வெறு. என்னை வெறுத்துக்கொண்டு, வலித்தால் வலிக்கிறது என்று கத்துகிற பெண்ணாக இரு.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. விவரம் எல்லாம் இதில் இருக்கிறது. வளர்ந்த பிறகு நிதானமாகப் படி. ஆனால் முக்கியமானதை இதைப் படித்துத் தெரிந்துகொள்கிற நிலைமை உனக்கு வராது. மணி பத்தே முக்கால். செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. பஸ்ராவுக்கு ஆள் எடுக்கிற ஆபீசுக்குப் போய், பட்டியலில் என் பேரை அடிக்கச் சொல்வேன். காரணம் கேட்டால் சொல்வேன்.

2. பகல் ரயிலில் ஆழ்வார்குறிச்சி வருவேன். ஸ்டேஷனிலிருந்து நேரே வீட்டுக்கு. கடிகாரத்தை இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.

3. உன்னை மடியில் உட்காரவைத்து, மாமா, மாமி, பையன்கள் எல்லோரும் கேட்கச் சொல்வேன்: நெருப்பு வந்தது அப்பா செய்த தப்பால். நீ சொன்னதால் அல்ல. அப்பா பொய் சொன்னேன். உனக்குப் புரியாவிட்டால் மறுபடி சொல்வேன். புரிகிறவரை சொல்வேன்.

4. அடுத்த வீட்டுக்காரியிடமும் போய்ச் சொல்வேன். மாமி கூட வரவேண்டாம்.

5. திங்கட்கிழமை காலை போலீஸ் அதிகாரியிடம் போய், எழுதியதைத் திருத்தச் சொல்வேன். அண்ணாச்சி பேரை இழுக்க மாட்டேன். கட்டியது நான் ஒருத்தன்தான்.

6. ஐந்தாவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. வரிசை தப்பி எழுதிவிட்டேன், மாற்றி எழுதப் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரை வழியாக நடப்பேன். எங்கே போகிறோம் என்று சொல்ல மாட்டேன். நீ வாய் திறந்து நிறுத்தச் சொல்கிறவரை நடப்பேன். இருட்டினாலும், கால் வலித்தாலும். நீ சொன்ன அந்த இடத்தில், அந்த அடியில், நிற்பேன்.